லண்டனிலிருந்து யார்க்‌ஷயர் டேல்ஸ் கல் வீட்டுக்கு: ஒரு நாள் ரயில் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு வாரம் தங்கக் காட்டேஜ் எடுப்பவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுப்பதற்குப் பல நாள்களைச் செலவிடுகிறார்கள். அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும் நாளைப் பற்றி யோசிக்க ஒரு மாலை நேரத்தைக்கூட ஒதுக்குவதில்லை. லண்டனிலிருந்து யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற மலைப் பள்ளத்தாக்குப் பகுதியின் வாசலான செட்டில் என்ற சிற்றூர் வரை ரயிலில் சுமார் 365 கிலோமீட்டர். அதில் லீட்ஸ் நகரம் வரையிலான முதல் 300 கிலோமீட்டரை ரயில் இரண்டேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். இருட்டில், மழையில், கையில் பெட்டியுடன் நின்றால் கடைசிப் பத்துக் கிலோமீட்டர்தான் அந்த நாளையே விழுங்கும். எனவே இந்தப் பயணத்தைக் காட்டேஜின் கதவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே திட்டமிடும் படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன; பயண நாளின் படிகள் அவை நடக்கும் வரிசையில் வருகின்றன.

காரை வாடகைக்கு எடுத்துச் செல்வோர் பலர் உண்டு. நான் ரயிலையே பரிந்துரைக்கிறேன். லீட்ஸிலிருந்து செட்டில் வழியாகக் கார்லைல் நோக்கிச் செல்லும் பாதை இங்கிலாந்தின் மிக அழகான ரயில் பாதைகளுள் ஒன்று. அதில் வந்து இறங்கும்போது விடுமுறை காட்டேஜில் தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதல் படி: வீடு உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டறிதல்

விளம்பரத்தில் "ரயில் நிலையத்துக்கு அருகில்" என்று எழுதியிருப்பதை அப்படியே ஏற்க வேண்டாம். இந்தப் பாதையில் நிலையங்களின் பெயரும் ஊரும் எப்போதும் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதில்லை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டென்ட். கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்ட் நிலையம், இங்கிலாந்தின் முதன்மை ரயில் பாதைகளில் உள்ள நிலையங்களிலேயே மிக உயரமானது. டென்ட் கிராமமோ அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் அப்பால், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. நிலையத்திலிருந்து கீழே இறங்கும் சாலை மிகவும் செங்குத்தானது. அங்கே வாடகைக் கார்கள் காத்திருப்பதில்லை. குழந்தைகளுடனும் பெட்டிகளுடனும் மாலையில் அங்கே இறங்கிவிட்டுப் பிறகு யோசிப்பது பெரும் தவறாகிவிடும்.

இதே போன்ற இன்னொரு குழப்பம் செட்டிலில் உண்டு. அந்த ஊரின் ஓரத்தில் கிகிள்ஸ்விக் என்ற வேறொரு நிலையம் இருக்கிறது. அது லங்காஸ்டர், மோர்கேம் செல்லும் பாதையைச் சேர்ந்தது. லீட்ஸிலிருந்து புறப்படும் இரண்டு பாதைகளும் ஸ்கிப்டன், ஹெல்லிஃபீல்ட், லாங் பிரெஸ்டன் வரை ஒன்றாகவே வந்து, செட்டிலுக்குச் சற்று முன்னால் பிரிகின்றன. டிக்கெட் வாங்கும்போதும் லீட்ஸில் ரயில் ஏறும்போதும் உங்கள் ரயில் கார்லைல் செல்வதா என்று இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை செல்வோர் செட்டிலைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் வீடு எடுப்பது நல்லது. லாங்கிளிஃப், ஸ்டெய்ன்ஃபோர்த், கிகிள்ஸ்விக் ஆகிய கிராமங்களும், இன்னும் வடக்கே ஹார்ட்டன்-இன்-ரிப்பிள்ஸ்டேலும் இந்த எல்லைக்குள் வருகின்றன. ஹார்ட்டனுக்குச் சொந்த ரயில் நிலையம் இருப்பதாலும், பெனிகென்ட் மலை அதன் தலைக்கு மேலேயே நிற்பதாலும், இந்த வழிகாட்டியில் ஹார்ட்டன் அருகே ஒரு கல் வீட்டை எடுத்திருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வீட்டு உரிமையாளரிடம் கேட்க வேண்டியவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு உள்ளே நுழையலாம் என்பது முதல் கேள்வி. பெரும்பாலான காட்டேஜ்களில் அது பிற்பகல் 3 மணியோ 4 மணியோ ஆகும். சாவி எங்கே இருக்கும் என்பது இரண்டாவது. இப்போது பெரும்பாலும் வாசலருகே எண்களைத் திருப்பித் திறக்கும் சிறு பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் அறுந்துபோவது அன்றாட நிகழ்ச்சி. மூன்றாவதாக, அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்ப முடியாது என்பதால், கடைசி இரண்டு கிலோமீட்டருக்கான வழியை விளக்கமாகக் கேளுங்கள். நகரத்தில் ஓர் அஞ்சல் குறியீடு ஒரு தெருவின் சில வீடுகளைக் குறிக்கும். இங்கேயோ ஒரே குறியீட்டுக்குள் பல பண்ணைகள் சிதறிக் கிடக்கலாம். "சிவப்புக் கதவு கொண்ட களஞ்சியத்தைத் தாண்டி இடப்புறம் உள்ள இரண்டாவது வாயில்" என்பது போன்ற ஒரு வரி, எந்த வரைபடச் செயலியையும் விட அப்போது உதவும்.

இரண்டாம் படி: பொழுது சாயும் நேரத்தைப் பார்த்து ரயிலைத் தேர்ந்தெடுத்தல்

செட்டில் ஏறத்தாழ வடக்கு 54 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசி வாரங்களில் அங்கே சூரியன் மறைய இரவு 9.40 ஆகிவிடும், டிசம்பரிலோ மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்கு இருட்டும் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புத்தியில் உறைப்பதில்லை. நான் முதன்முறை நவம்பரில் சென்றபோது மாலை 5 மணிக்கு ஹார்ட்டன் நிலையத்தில் இறங்கினேன். பட்டப்பகலாக இருக்கும் என்று நினைத்த நேரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு விளக்கும் இல்லை. டார்ச் விளக்கு பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே இருந்தது.

ஆகவே, வீட்டு வாசலை அடையும் நேரம் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரமாவது முந்தி இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். லீட்ஸிலிருந்து செட்டிலுக்கு ஒரு மணி நேரப் பயணம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸுக்குச் சுமார் இரண்டேகால் மணி நேரம். லீட்ஸுக்குப் பகலில் ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது. கார்லைல் பாதையிலோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு. ஆதலால் முதலில் கார்லைல் ரயிலை முடிவு செய்து, அதற்குக் குறைந்தது முக்கால் மணி முன்னதாக லீட்ஸில் சேரும் லண்டன் ரயிலைப் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையில் காலை 9 அல்லது 10 மணிக்கு லண்டனை விட்டால் போதுமானது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை 7 அல்லது 8 மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை, அல்லது வெள்ளி முதல் வெள்ளி வரை என்று வார வாடகைக்கு விடுவது இங்கே நெடுநாள் வழக்கம். வேறு நாளில் தொடங்க வாய்ப்பிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை ரயில்களில் நெரிசல் அதிகம். பாதைப் பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் நடக்கும். அப்போது ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள். கிறிஸ்துமஸ் அன்று நாடு முழுவதுமே ரயில்கள் ஓடுவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய அதே நாளில் இந்தப் பயணத்தை மேற்கொள்ள வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். விமானம் தாமதமானால் முன்பதிவு செய்த மலிவான டிக்கெட் வீணாகிவிடும். ஒரு நாள் இரவு லண்டனில் தூங்கி எழுந்து புறப்படுங்கள்.

மூன்றாம் படி: டிக்கெட்

பொதுவாகச் சுமார் 12 வாரங்களுக்கு முன்பிருந்து அட்வான்ஸ் வகை டிக்கெட்டுகள் விற்பனைக்கு வரும். அவை மலிவானவை. ஆனால் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும். நடுவழியில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு வேறு ரயிலில் தொடர முடியாது. ஆஃப்-பீக் வகை விலை கூடியது, ஆனால் நெரிசல் இல்லாத நேரங்களில் எந்த ரயிலிலும் ஏறலாம், பெரும்பாலும் நடுவில் இறங்கவும் செய்யலாம்.

லண்டனிலிருந்து செட்டில் வரை ஒரே அட்வான்ஸ் டிக்கெட்டாக எடுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் சில பவுண்டுகள் மலிவாகத் தெரிந்தாலும் ஒரே டிக்கெட்டில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. லண்டன் ரயில் தாமதமாகி லீட்ஸில் இணைப்பைத் தவறவிட்டால், அடுத்த ரயிலில் உங்களை ஏற்றிக்கொள்ள வேண்டிய பொறுப்பு ரயில் நிறுவனங்களுடையது. ஹார்ட்டன் வரை செல்வோர், செட்டிலுக்கும் ஹார்ட்டனுக்கும் இடையிலான சிறிய டிக்கெட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். செட்டிலில் இறங்கி மளிகைப் பொருள் வாங்குவதற்கு அது வசதியாக இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 5 முதல் 15 வரை பாதிக் கட்டணம். குடும்பமாகச் செல்வோருக்கும், எப்போதும் சேர்ந்தே பயணம் செய்யும் இருவருக்கும் தனித்தனி ரயில்கார்டுகள் இருக்கின்றன. பெரியவர்களின் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால், இவ்வளவு நீண்ட பயணத்தில் போக வரக் கணக்குப் பார்த்தால் கார்டின் விலை பெரும்பாலும் அப்போதே ஈடாகிவிடும்.

நான்காம் படி: பெட்டி கட்டுதல்

ஆளுக்கு ஒரு பெட்டி, அதையும் அவரவரே படியேறித் தூக்கக்கூடிய எடையில் வையுங்கள். நாட்டுப்புற நிலையங்களில் சுமை தூக்குவோர் கிடையாது; சிலவற்றில் நடைமேடை மாற இரும்புப் படிக்கட்டுதான் உண்டு. தோள்பையின் மேல் அறையில் டார்ச், மழை மேலங்கி, தண்ணீர், வழிக்குறிப்பு எழுதிய தாள் ஆகியவை இருக்கட்டும். ஜூலையிலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். மழை பெனைன் மலைத்தொடரில் முன்னறிவிப்போடு வருவதில்லை.

காகித வரைபடம் வாங்குவது பழைய வழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவுத் தாள்களில் ஓ.எல். 2 என்ற எண்ணுடையது இந்த மலைகளையெல்லாம் உள்ளடக்கியது. ஒவ்வொரு கல் சுவரும் அதில் கோடாக இருக்கும். உங்கள் வீட்டையும் அதில் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரே வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைச்சி, பால், பால் பொருள்களைப் பிரிட்டனுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. நெய்யும் பால்கோவாவும் இந்தத் தடையில் அடங்கும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி போன்ற காய்ந்த பொடிகளைக் கொண்டுவந்தால் காட்டேஜ் சமையலறையில் ஒரு வாரத்தை நன்றாகவே ஓட்டிவிடலாம்.

ஐந்தாம் படி: கிங்ஸ் கிராஸ் முதல் லீட்ஸ் வரை

ஹீத்ரோ பக்கம் தங்கியிருந்தால் பிக்கடில்லி பாதைச் சுரங்க ரயிலில் ஏறி, மாறாமலே கிங்ஸ் கிராஸ் வந்துவிடலாம். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். 1852-இல் திறக்கப்பட்ட கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் மேற்குப் பக்கக் கூடம் 2012-இல் புதிதாகக் கட்டப்பட்டது. அறிவிப்புப் பலகைகள் அங்கேதான் உள்ளன. புறப்படுவதற்குச் சற்று முன்புதான் நடைமேடை எண்ணைக் காட்டுவார்கள். எண் தெரிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்வார்கள். இருக்கை முன்பதிவு செய்திருந்தால் பதற வேண்டியதில்லை, ஆனால் பெரிய பெட்டி வைக்கும் அடுக்குகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

லண்டனை விட்டு வெளியேறும்போது இடப்புறம் குன்றின் மேல் அலெக்சாண்ட்ரா பேலஸ் தெரியும், 1936-இல் பி.பி.சி. தன் தொலைக்காட்சி ஒளிபரப்பை அங்கிருந்துதான் தொடங்கியது. அதன் பிறகு நெடுந்தூரம் சமவெளி வயல்கள்தான். பீட்டர்பரோவுக்கும் கிராந்தமுக்கும் நடுவே ஸ்டோக் சரிவு என்ற ஓர் இறக்கம் இருக்கிறது. 1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் இங்கேதான் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. நீராவி எஞ்சின்களில் அந்தச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. இன்று அதே பாதையில் சாதாரண மின் ரயில் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடுகிறது. உங்கள் மேசையில் இருக்கும் காபி அசைவதுகூட இல்லை. டான்காஸ்டரில் முதன்மைப் பாதையை விட்டுப் பிரிந்து, வேக்ஃபீல்டு வழியாக ரயில் லீட்ஸுக்குள் நுழையும்.

லீட்ஸ் பெரிய நிலையம், எனினும் குழப்பமில்லாதது. இங்கே கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் மதிய உணவை முடித்துக்கொள்ளுங்கள். கழிவறையையும் இங்கேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள். கார்லைல் ரயிலில் பெட்டிகள் குறைவு. விற்பனை வண்டி வரும் என்று நம்பிப் பட்டினியாக ஏற வேண்டாம். ரயில் நடைமேடைக்கு வந்ததும் ஏறிவிடுவது நல்லது. கோடைச் சனிக்கிழமைகளில் மலையேறுபவர்களும் அவர்களுடைய நாய்களும் பெட்டிகளை நிறைத்துவிடுவார்கள்.

ஒருவேளை கார்லைல் ரயிலைத் தவறவிட்டால், இரண்டு மணி நேரம் லீட்ஸிலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஸ்கிப்டன் வரை மின் ரயில்கள் அடிக்கடி போகின்றன. அங்கிருந்து செட்டிலுக்குச் சுமார் 25 கிலோமீட்டர்; பேருந்தும் வாடகைக் காரும் கிடைக்கும்.

ஆறாம் படி: லீட்ஸ் முதல் செட்டில் வரை, நிலத்தைப் படித்தபடி

இந்த ஒரு மணி நேரத்தில் கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். ஷிப்லியைத் தாண்டியதும் வலப்புறம் ரயிலை உரசுவது போல ஒரு மாபெரும் கல் ஆலை வரும். அதுதான் சால்ட்டேர். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி 1853-இல் திறந்த ஆலையும், அதன் தொழிலாளர்களுக்காக அவர் கட்டிய ஊரும் சேர்ந்து 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கின்றன. அடுத்து கீத்லி, பிறகு ஸ்கிப்டன். ஸ்கிப்டன் என்ற பெயருக்கு ஆட்டூர் என்று பொருள். கம்பளிதான் இந்தப் பகுதியின் பழைய செல்வம் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஸ்கிப்டன் வரை வீடுகளையும் சுவர்களையும் கவனித்துப் பாருங்கள். கரும்பழுப்பு நிறத்தில், ஆலைப் புகை படிந்ததுபோல இருக்கும். அது மில்ஸ்டோன் கிரிட் என்ற கரடுமுரடான மணற்கல். செட்டிலை நெருங்க நெருங்கச் சுவர்கள் வெளிறத் தொடங்கும். செட்டிலை ஒட்டிக் கிரேவன் பிளவு என்ற நிலப்பிளவு ஓடுகிறது. அதற்கு வடக்கே, சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்த வெண்சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை மேலே வந்துவிட்டது. அந்தப் பாறையில் மழைநீர் தங்காது. விரிசல்கள் வழியே உள்ளே இறங்கிக் குகைகளை அரிக்கும். இங்கிள்பரோ மலைச்சரிவில் உள்ள கேப்பிங் கில் என்ற பள்ளத்தில் ஓர் ஓடை அப்படியே சுமார் 98 மீட்டர் ஆழத்துக்கு விழுகிறது. மலை முழுதும் சாந்து ஏதுமின்றிக் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கிய சுவர்கள் ஏறி இறங்குகின்றன. நீங்கள் தங்கப்போகும் வீட்டின் கனத்த சுவரும் இதே நிலத்திலிருந்து வந்ததுதான். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழையும்போது அந்த வீடு வேறு மாதிரித் தெரியும் என்பதாலேயே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஏழாம் படி: செட்டிலில் இரண்டு மணி நேரம்

செட்டில் நிலையத்திலிருந்து ஊரின் சந்தைச் சதுக்கம் நடக்கும் தூரம்தான். செவ்வாய்க்கிழமைகளில் சந்தை கூடும். ஊரில் ஒரு நல்ல சூப்பர் மார்க்கெட்டும் பேக்கரிகளும் தேநீர்க் கடைகளும் இருக்கின்றன. இதற்கு அப்பால் உள்ள கிராமங்களில் கடை இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம் என்பது சட்டம். பெரும்பாலும் மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள்.

முதல் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வேண்டியதை மட்டும் வாங்குங்கள்: பால், ரொட்டி, முட்டை, வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, அரிசி, தேயிலை, வெண்ணெய், தீப்பெட்டி. பக்கத்தில் உள்ள வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய, எளிதில் உதிரும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியையும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பப்பில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், சமையலறை நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நாட்டுப்புறப் பப்களில் மதிய உணவு இரண்டு, இரண்டரை மணியோடு நின்றுவிடும். இரவு உணவு 6 மணி வாக்கில் தொடங்கி எட்டரை, 9 மணிக்கு முடிந்துவிடும். குடிக்க மட்டும் கடை திறந்திருக்கும்போது பசியோடு போய் நிற்பது குழந்தைகளுக்குக் கொடுமை.

செட்டிலிலிருந்து ஹார்ட்டனுக்குச் சாலை வழியே சுமார் பத்துக் கிலோமீட்டர். மூன்று நான்கு பேர் இருந்தால், மளிகைப் பைகளோடு வாடகைக் காரில் நேரே வீட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். குளிர்காலத்தில் இதுவே சரியான வழி. காரைச் சில நாள்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். நிலைய வாசலில் கை காட்டி நிறுத்த அங்கே எதுவும் நிற்காது. கோடையில், சுமை குறைவாக இருந்தால், அடுத்த ரயிலில் ஏறிப் பத்து நிமிடத்துக்குள் ஹார்ட்டனில் இறங்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் லாங்கிளிஃப் அருகே ரயில் பாதையை ஒட்டி 1873-இல் கட்டப்பட்ட ஹாஃப்மன் சுண்ணாம்புச் சூளை இருக்கிறது. அதைக் கடந்ததும் வலப்புறம் 694 மீட்டர் உயரப் பெனிகென்ட், படுத்திருக்கும் சிங்கத்தைப் போல எழும்.

நிலையத்திலிருந்து வீடுவரை நடக்கும்போது, நடைபாதை இல்லாத சாலைகளில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். வழியில் வாயில்கதவைத் திறந்தால் மூடிவிடுங்கள். அங்கே மேயும் ஆடுகள்தான் அந்தப் பண்ணைக்காரரின் பிழைப்பு.

ஹார்ட்டனுக்கு அப்பால் தங்குபவர்களுக்கு

டென்ட், கார்ஸ்டேல் பக்கம் வீடு எடுத்தவர்கள் அன்றே ரிப்பிள்ஹெட் பாலத்தைக் கடப்பார்கள். 24 வளைவுகள், சுமார் 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். செட்டிலிலிருந்து பாதை நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் விடாமல் ஏறுவதால், பழைய எஞ்சின் ஓட்டுநர்கள் இதை நெடிய இழுவை என்று அழைத்தார்கள். மிட்லண்ட் ரயில்வே நிறுவனம் 1869-இல் வேலையைத் தொடங்கியது. பயணிகள் ரயில் 1876 மே 1 முதல் ஓடியது. பாலத்தின் ஒவ்வோர் ஆறாவது தூணும் மற்றவற்றை விடப் பருமனாக இருக்கும். ஒரு தூண் சரிந்தால் முழுப் பாலமும் தொடர்ந்து விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

இதைக் கட்டியவர்கள் பாலத்தடியில் இருந்த பேட்டி கிரீன் சதுப்பு நிலத்தில் மரக் குடிசைகளில் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். விபத்தும் பெரியம்மையும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றன. அருகிலுள்ள சாப்பல்-லெ-டேல் சிறு தேவாலயத்தில் அந்த ஆண்டுகளில் சுமார் 200 பேர் அடக்கம் செய்யப்பட்டார்கள். பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது. ஆகையால் ஹார்ட்டனில் தங்குபவர்கள் முதல் நாளே அவசரப்பட்டு அங்கே போக வேண்டாம். மறுநாள் காலை ரயிலில் ரிப்பிள்ஹெட் போய் இறங்கி, கீழே உள்ள பாதையில் நடந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

1980-களில் இந்தப் பாதையையே மூடிவிட அரசு முயன்றது. ஆயிரக்கணக்கானோர் எழுத்து மூலம் எதிர்த்தார்கள். ரஸ்வார்ப் என்ற கோலி இன மேய்ப்பு நாயின் பாதத் தடமும் ஓர் எதிர்ப்பு மனுவில் பதிந்திருந்தது. 1989 ஏப்ரலில் மூடும் முடிவு கைவிடப்பட்டது. கார்ஸ்டேல் நிலையத்தில் அந்த நாய்க்குச் சிலை இருக்கிறது. இன்று நீங்கள் ரயிலில் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வர முடிவது அந்த மக்களால்தான்.

எட்டாம் படி: கதவைத் திறந்த பிறகு

முதலில் கெட்டிலில் தண்ணீர் வையுங்கள். அது கொதிப்பதற்குள் சமையலறை மேசையில் இருக்கும் தகவல் கோப்பினை எடுத்துப் படியுங்கள். வெந்நீர், வெப்பமூட்டி, குப்பைத் தொட்டி, அவசர எண் எல்லாம் அதில் இருக்கும். கனத்த கல் சுவர்கள் சூடாக நேரம் பிடிக்கும் என்பதால் வெப்பமூட்டியை உடனே போட்டுவிட வேண்டும். குளிரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் நள்ளிரவு வரை குளிரில் இருக்க நேரிடும்.

கணப்பு அடுப்பு இருந்தால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். காற்றுத் துவாரங்களைத் திறந்து, காய்ந்த சிறு குச்சிகளில் தீ மூட்டி, அது நன்றாகப் பற்றிய பிறகு பெரிய கட்டையை வையுங்கள். ஈர விறகை வைக்கக் கூடாது. முந்தைய நாள் சாம்பல் சூடாகவே இருக்கலாம். அதைப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்ட வேண்டாம். வீட்டில் கழிவுநீர் சொந்தத் தொட்டிக்குப் போகிறதென்றால், கழிவறையில் தாள் தவிர வேறெதையும் போடக் கூடாது.

வந்து சேர்ந்ததாக உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். உள்ளே சிக்னல் இல்லையென்றால், எந்த இடத்தில் நின்றால் கிடைக்கிறது என்பதை அன்றே கண்டுபிடித்து வையுங்கள். அவசர உதவிக்கு எண் 999. மலையில் சிக்கியவர்கள் அதே எண்ணில் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும், வானம் தெளிவாக இருந்தால், ஒரு வேலை பாக்கி இருக்கிறது. யார்க்‌ஷயர் டேல்ஸ் 2020 முதல் சர்வதேச இருள் வானக் காப்பகமாக அங்கீகரிக்கப்பட்டுள்ளது. வாசல் விளக்கை அணைத்து, சன்னல் திரைகளை இழுத்துவிட்டு, கம்பளிச் சட்டையோடு வெளியே வாருங்கள். கைபேசித் திரையைப் பார்க்காமல் இருபது நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். அதன் பிறகு தலையை நிமிர்த்துங்கள்.